குந்திமான் பாட்டுக்கு நோட்ஸ் தேடுகிறேன் (பிலிப்பைன்ஸ் இசை தெரிந்தவர்கள் வரவும்)

#1 கீபோர்டு_குமரன்

எல்லாருக்கும் வணக்கம். ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் அறைக்கு வந்தால் கீபோர்டு. அவ்வளவுதான் என் இசைத் தகுதி.

எங்கள் ஆபீஸில் இருபது வருஷமாக வேலை பார்த்த ஒரு பிலிப்பினோ அம்மா இந்த மாதம் ஊருக்கே திரும்புகிறார். எல்லாரும் அவரை "ஆத்தே" என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அக்கா என்று பொருள். சேர்ந்த முதல் நாள் என் காதில் அது "ஆத்தா" என்று விழுந்து, இவருக்கு எப்படி நம் ஊர்க் கூப்பாடு என்று திகைத்துப் போனேன்.

பிரிவு விருந்தில் அவர் பாட வேண்டும், நான் வாசிக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பாட்டு "நாஸாஆன் கா, இரோக்". "எங்கே இருக்கிறாய், என் அன்பே" என்று அர்த்தமாம். குந்திமான் என்ற அவர்கள் ஊர்க் காதல் பாட்டு வகை என்றார். ஒரு தளத்தில் காசு கொடுத்து நோட்ஸ் வாங்கி, நாலு நாள் பழகி, மதிய இடைவேளையில் ஆத்தேக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பாதி வரை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், அப்புறம் சட்டென்று கையை நீட்டி நிறுத்தினார். "இந்த இடத்தில் விடியணும். நீ இன்னும் ராத்திரியிலேயே இருக்கிறாய்" என்றார். திரும்ப வாசித்தேன். திரும்பத் தலையை ஆட்டினார்.

தாளில் இருப்பதைத்தான் வாசிக்கிறேன். தப்பு எங்கே?

#2 பழைய_கிராமபோன்

தம்பி, முதலில் "ந்" போட்டு எழுதினீர்களே, அதற்கு நன்றி. "ண்" போட்டிருந்தால் மட்டுறுத்துநர் இழையைப் பூட்டியிருப்பார்.

உங்கள் ஆத்தே சொன்னதைவிடச் சுருக்கமாகக் குந்திமானுக்கு இலக்கணம் சொல்ல முடியாது. மூன்று எண்ணிக்கைத் தாளம், மெதுவான நடை. முதல் பாதி மைனரில் போகும், பெரும்பாலும் கெஞ்சல், ஏக்கம். பின்பாதியில் அதே ஆதார சுருதியை வைத்துக்கொண்டு மேஜருக்கு மாறும். நம் காதுக்குச் சொல்வதென்றால் கீரவாணியில் அழுதுகொண்டிருந்தவர் எழுந்து முகம் கழுவிச் சங்கராபரணத்தில் நிற்பது மாதிரி. அந்தத் திருப்பம் இல்லையென்றால் பாட்டே இல்லை.

உங்கள் தாளில் பாதிக்குமேல் கீ சிக்னேச்சர், அதாவது ஷார்ப், ஃபிளாட் காட்டும் சுருதிக் குறி, மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் தாள்தான் தப்பு.

#3 சுருதி_சுத்தம்

மைனர் ஸ்கேலைக் கீரவாணி என்பதை என்றைக்கு நிறுத்துவீர்களோ. ராகம் வேறு, ஸ்கேல் வேறு. கமகம் எங்கே, பிடி எங்கே?

#4 பழைய_கிராமபோன்

ஐயா, "மாதிரி" என்று போட்டிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்காவது மரியாதை கொடுங்கள்.

#5 கீபோர்டு_குமரன்

கிராமபோன் ஐயா, பிடித்துவிட்டீர்கள்!

என் தாள் டி மைனர். ஒரே ஒரு ஃபிளாட், பி. நடுவில் இரட்டைக் கோடு இருக்கிறது. அதற்கப்புறம் அந்த ஃபிளாட்டை நீக்கி எஃப், சி இரண்டுக்கும் ஷார்ப் போட்டிருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இரட்டைக் கோட்டை மட்டும் போட்டுவிட்டுச் சுருதிக் குறியை விட்டுவிட்டார்கள். நானும் ஆட்டு மந்தை போல மைனரிலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறேன். பென்சிலால் இரண்டு ஷார்ப் போட்டு வாசித்தேன். எஃப் ஷார்ப்பில் விரல் விழுந்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அறையிலிருந்த மலையாளி நண்பர் கட்டிலில் திரும்பிப் படுத்து "இப்ப சரி" என்றார்.

தளத்துக்குப் புகார் அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. காசு வரவில்லை.

இந்தப் பாட்டை எழுதியவர் யார்? இவ்வளவு ஐரோப்பிய வாடை அடிக்கும் இசை அங்கே எப்படி வந்தது?

#6 பழைய_கிராமபோன்

இசை நிக்கனோர் அபெலார்தோ, 1923. வரிகள் நார்சிசோ அசிஸ்தியோ. அபெலார்தோவைப் பற்றி மட்டும் ஒரு ராத்திரி பேசலாம், ஆனால் கதை அவருக்கு முந்நூறு வருஷம் முன்னால் ஆரம்பிக்கிறது.

ஸ்பெயின்காரர்கள் 1565லிருந்து 1898 வரை இருந்தார்கள். துறவிகள் வந்தவுடன் கண்டுகொண்ட விஷயம், அந்த ஊர் ஜனங்கள் பாட்டில் கெட்டி என்பது. 1606ல் லகூனா பகுதியில் லும்பான் என்ற ஊரில் ஹுவான் டி சாந்தா மார்த்தா என்ற பிரான்சிஸ்கன் துறவி நானூறு பையன்களைச் சேர்த்து, பாடவும் வாத்தியம் வாசிக்கவும் பழக்கி, அவரவர் ஊர்க் கோயிலுக்குத் திருப்பி அனுப்பினார். 1742ல் மணிலா பேராலயத்திலேயே சிறுவர் பாடகர்களுக்கு ஒரு பள்ளி வந்தது.

அப்போது நோட்ஸ் என்றால் நம் கையில் இருக்கும் தாள் இல்லை. மணிலாவின் பழைய மதில் நகரமான இன்ட்ராமுரோஸில் சான் அகுஸ்தின் கோயில் இருக்கிறது. அதன் அருங்காட்சியகத்தில் தோலில் எழுதிய பாடல் புத்தகங்களைப் பார்க்கலாம். ஒரு ஆள் தூக்கத் திணறுவார், அவ்வளவு பெரிசு. மேடை போன்ற ஒரு தாங்கியில் விரித்து வைத்தால், சுற்றி நிற்கும் குழு முழுவதும் அந்த ஒரே பக்கத்தைப் பார்த்துப் பாடும். அதனால் ஒவ்வொரு சுரமும் கட்டங்கட்டமாக, தூரத்திலிருந்து தெரிகிற அளவில் இருக்கும்.

அதே கோயிலில் பையனாகச் சேர்ந்து வளர்ந்தவர்தான் மார்செலோ அதோனாய். 1848ல் பாகில் என்ற ஊரில் பிறந்தவர். அவர் 1904ல் எழுதிய "பெக்கேன்யா மீசா சோலெம்னே" என்ற திருப்பலி இசைதான் பிலிப்பினோ ஒருவர் எழுதிய பெரிய கோயில் இசைகளில் முதலில் பேசப்படுவது.

அப்புறம் அமெரிக்கா வந்தது. 1916ல் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் இசைக் கல்லூரி திறந்தார்கள். அதுவரை தெருவிலும் ஜன்னலடியிலும் பாடிக்கொண்டிருந்த குந்திமான், அங்கேதான் கோட்டு சூட்டு போட்டது. பிரான்சிஸ்கோ சாந்தியாகோ 1917ல் "அனாக் தாலிதா" எழுதினார். பியானோ பக்கவாத்தியம், மேடைப் பாடகர், அச்சுத் தாள் என்று முழு அந்தஸ்துடன் வந்த குந்திமான் அது. அபெலார்தோ அவரைவிட நாலு வயது சின்னவர். ஊமைப்படம் ஓடும்போது பியானோ வாசித்துப் பிழைத்தவர். 1931ல் சிகாகோ போய்ப் படித்து, அங்கே போன பிறகு எழுதியதெல்லாம் சுருதியை உடைத்துக்கொண்டு போகும் நவீன இசை. 1934ல் 41 வயதில் போய்விட்டார். இன்னும் இருபது வருஷம் இருந்திருந்தால் என்று நினைக்காத பிலிப்பினோ இசைக்காரர் இருக்க மாட்டார்.

1945 மணிலா போரில் இன்ட்ராமுரோஸ் தரைமட்டம். கோயில்களில் சான் அகுஸ்தின் ஒன்றுதான் தப்பியது. எத்தனை கைப்பிரதிகள் சாம்பலாயின என்று யாராலும் கணக்கு சொல்ல முடியாது. அச்சாகி வீடுகளில் சிதறிக் கிடந்த தாள்கள் பிழைத்தன. அதனால்தான் சொல்கிறேன், பிலிப்பைன்ஸ் இசையைக் காப்பாற்றியது தாள்.

#7 டவாவ்_டாக்டர்

ஐயா சொன்னது எல்லாம் சரி, கடைசி வரியைத் தவிர.

நான் டவாவில் ஆறு வருஷம் எம்.டி. படித்தவன். நம் பையன்கள் அங்கே நிறையப் பேர் என்பது உங்களுக்கே தெரியும். டவாவ் இருப்பது மின்டனாவ் தீவில். அங்கிருந்து மேற்கே மாகின்டனாவ், மரனாவ் மக்கள் ஊர்களுக்குப் போனால் நீங்கள் சொன்ன கதையில் ஒரு வரிகூட ஒட்டாது. ஸ்பெயின் அங்கே முழுசாகக் கால் ஊன்றவே இல்லை. பியானோவும் இல்லை, தோல் புத்தகமும் இல்லை. இருப்பது குலின்தாங்.

எட்டு குமிழ்க் கோங்குகளை, நம் ஊரில் இட்லிப் பானைகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்ததுபோல, ஒரு நீள மரச் சட்டத்தில் அடுக்கியிருப்பார்கள். சிறியதிலிருந்து பெரியது வரை. எதிரே உட்கார்ந்து இரண்டு மென்மரக் குச்சியால் வாசிப்பார்கள். கூட அகுங் என்ற பெரிய தொங்கு கோங்கு, தபகன் என்ற முரசு. ஒரு கல்யாணத்தில் ஒரு பாட்டி வாசித்ததைப் பார்த்தேன். பக்கத்தில் ஆறேழு வயதுப் பேத்தி, பாட்டியின் கையைப் பார்த்துக்கொண்டே தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அங்கே வகுப்பு.

முக்கியமான விஷயம், ஒரு செட் குலின்தாங்கின் சுருதி இன்னொரு செட்டோடு பொருந்தாது. ஒவ்வொரு வீட்டுக் கோங்கும் அதனதன் சுருதி. இதை ஐந்து கோட்டில் எழுதினால் எழுதியது பொய்யாகிவிடும். இப்போது வகுப்புகளில் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு எழுதிச் சொல்லிக்கொடுப்பது உண்டு. எந்தக் கோங்கை அடிப்பது என்று எண் சொல்லும். எப்படி அடிப்பது என்று பாட்டியின் மணிக்கட்டுதான் சொல்லும்.

ஆகவே தாள் காப்பாற்றியது, தாளில் ஏறக்கூடியதை மட்டும். வடக்கே மலைகளில் தட்டைக் கோங்கு அடிக்கிறவர்களுக்கும், இஃபுகாவ் பெண்கள் அறுவடையில் பாடும் ஹுத்ஹுது என்ற கதைப்பாட்டுக்கும் இதே கதைதான்.

#8 ஈப்போ_செல்வி

டாக்டர் தம்பி, உங்களுக்கு ஓட்டு என்னுடையது, ஆனால் காரணம் வேறு. தாள் படிக்கத் தெரிந்தவர்களே தாள் இல்லாமல் வாசித்த கதை ஒன்று சொல்கிறேன்.

அமெரிக்கர் காலத்தில் வால்டர் லவிங் என்ற கறுப்பின ராணுவ அதிகாரி பிலிப்பைன்ஸ் கான்ஸ்டாபுலரி (காவல் படை) பேண்ட் என்று ஒரு குழுவை உருவாக்கினார். 1904ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு அவர்களைக் கூட்டிப் போனார்கள். ரொசினியின் "வில்லியம் டெல்" முன்னிசை வாசித்துக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்துவிட்டது. ஒரு சுரம் நிற்காமல் இருட்டிலேயே வாசித்து முடித்தார்கள் என்று சொல்வார்கள். 1909ல் டாஃப்ட் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது வாஷிங்டன் வரை போய் வாசித்தது அதே பேண்ட். லவிங் 1945 மணிலா போரிலேயே கொல்லப்பட்டார் என்பது வருத்தமான பின்கதை.

நோட்ஸ் பார்த்தவுடன் வாசிக்கிற அந்தத் திறமைதான் அவர்களை ஆசியா முழுக்க வேலைக்குக் கொண்டுபோனது. ஹாங்காங், ஷாங்காய், எங்கள் மலாயா. சிலாங்கூர் அரசு பேண்டில் பிலிப்பினோக்கள். ரேடியோ மலாயா ஆர்க்கெஸ்ட்ராவை நடத்திய அல்போன்சோ சொலியானோவின் குடும்பமும் அங்கிருந்து வந்ததுதான். என் அப்பா சின்ன வயதில் ஒரு பிலிப்பினோ மாஸ்டரிடம் டிரம்பெட் கற்றார். மாஸ்டர் ஒரே ஒரு கெட்ட வார்த்தைதான் தமிழில் தெரிந்து வைத்திருந்தாராம். தப்பாக ஊதினால் அது வரும்.

#9 பழைய_கிராமபோன்

செல்வி, அந்த வார்த்தையை இங்கே எழுதாததற்கு நன்றி.

டாக்டர் தம்பி, தோற்றேன் என்று பாதிதான் ஒத்துக்கொள்வேன். தாளில் ஏறாதது போகட்டும், ஏறினதுக்கும் அங்கே ஒரு விசித்திரம் உண்டு. மெட்டு நிற்கும், வரி மாறும்.

தேசிய கீதத்தைப் பாருங்கள். ஹுலியான் ஃபெலிப்பே என்பவரைப் புரட்சித் தலைவர் அகினால்தோ கூப்பிட்டு ஒரு அணிவகுப்பு இசை கேட்டார். 1898 ஜூன் 11ல் ஒப்புதல், மறுநாள் காவித்தில் சுதந்திரப் பிரகடனத்தின்போது ஊர் பேண்ட் வாசித்தது. வரி கிடையாது, வெறும் மார்ச்சு. அடுத்த வருஷம் ஹோசே பால்மா என்ற இளைஞர் ஸ்பானிய மொழியில் எழுதிய கவிதை அதில் ஏறி உட்கார்ந்தது. அப்புறம் அமெரிக்கா 1907ல் கொடியோடு சேர்த்துக் கீதத்தையும் தடை செய்தது. 1919ல் தடை நீங்கியது. பிறகு அதே மெட்டுக்கு ஆங்கில வரி. 1950களில் பிலிப்பினோ மொழி வரி, இன்றைக்குப் பாடுவது அதுதான். ஒரே மெட்டு மூன்று மொழிகளின் கீழ் வாழ்ந்திருக்கிறது. இப்போது அதை ஃபெலிப்பே எழுதிய இசைப்படிதான் பாட வேண்டும் என்று 1998ல் சட்டமே போட்டுவிட்டார்கள். குத்துச்சண்டைப் போட்டிகளில் யாராவது கடைசி வரியை இழுத்து நீட்டிப் பாடினால் மறுநாள் பேப்பரில் சண்டை வரும்.

குந்திமானிலும் வெளியே காதல், உள்ளே வேறு. புரட்சிக் காலத்தில் "ஹோசெலினாங் பாலிவாக்" என்ற பாட்டு ஓர் அழகியைப் பற்றியது. பாடியவர்களுக்கு அவள் நாடு. "பாயான் கோ" என்றால் என் நாடு. ஹோசே கொரசோன் டி ஹெசுஸின் கவிதை, கான்ஸ்தான்சியோ டி குஸ்மானின் இசை. ஜனாதிபதி மார்கோஸின் ராணுவச் சட்டக் காலத்தில் அதைப் பொதுவில் பாடினால் வம்பு. 1983ல் சுட்டுக் கொல்லப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் நினாய் அகினோவின் இறுதி ஊர்வலத்திலும், 1986ல் மார்கோஸை இறக்கிய எழுச்சியில் எட்சா சாலையிலும் லட்சக்கணக்கான பேர் பாடினது அதைத்தான். அவ்வளவு பேர் கையில் நோட்ஸ் இருந்திருக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். அவர்கள் நாட்டின் முதல் முழுநீளப் படம் "தலகாங் புகிட்", 1919. ஊமைப்படம். ஆனால் அது 1917ல் வந்த ஓர் இசை நாடகத்தின் கதை, பாட்டு இல்லாமல் முடியாது. என்ன செய்தார்கள்? கதாநாயகி ஆதாங் டி லா ரமா திரையில் வாயசைக்க, அவரே தியேட்டரில் நின்று நேரில் பாடினார்.

#10 டவாவ்_டாக்டர்

மெட்டு நிற்கும், வரி மாறும் என்றீர்களே, அதில் ரத்தக்கொதிப்பு வருகிற ஒரு கேஸ் என்னிடம் இருக்கிறது.

டவாவில் பேசுவது பெரும்பாலும் செபுவானோ, மணிலாப் பக்கத்து மொழியான தகாலோக் இல்லை. செப்டம்பர் பிறந்தாலே அங்கே கிறிஸ்துமஸ் பாட்டு ஆரம்பித்துவிடும். கடைகளில் திரும்பத் திரும்ப "அங் பாஸ்கோ ஆய் சுமாபித்" என்ற தகாலோக் பாட்டு. ஒரு நாள் நான் அதை முணுமுணுத்தபடி படியேறினேன். வீட்டுக்கார அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். "அது எங்கள் பாட்டு. எங்கள் மொழியில் பாடு, இல்லையென்றால் பாடாதே."

அவர் சொன்னது உண்மை. 1933ல் செபுவில் விசெந்தே ரூபி இசையமைக்க, மரியானோ வெஸ்தில் எழுதிய "காஸாத்யா நிங் தாக்னாஆ" தான் மூலம். பிறகு அதே மெட்டுக்கு லெவி செலெரியோ தகாலோக்கில் வரி போட்டார். அந்த வடிவம் நாடு முழுக்கப் பரவியது. செலெரியோ சாதாரண ஆள் இல்லை, ஒரு மரத்து இலையை மடித்து உதட்டில் வைத்தே பாட்டு வாசித்தவர், தேசியக் கலைஞர் பட்டம் பெற்றவர். ஆனால் ரூபிக்கு அந்த மெட்டால் கிடைத்த காசு கொஞ்சம் என்பது செபுக்காரர்களின் ஆறாத மனக்குறை. 1980ல் அவர் இறந்துபோனார். பாட்டு வருஷத்தில் நாலு மாதம் அலறிக்கொண்டிருக்கிறது.

கிராமபோன் ஐயா, தாள் இங்கே யாரைக் காப்பாற்றியது?

#11 சட்டம்_பேசு

தாளைத் திட்டாதீர்கள். பெயர் தாளில் இருந்தும் காசு வசூலிக்க ஆள் இல்லாததுதான் அங்கே பிரச்சினை. பிலிப்பைன்ஸில் படைப்பாளிகளுக்காகக் காசு வசூலிக்கும் ஃபில்ஸ்காப் என்ற சங்கம் ரொம்பப் பின்னால் வந்தது.

குமரன், உங்கள் பாட்டுக்கு வருகிறேன். அங்கே காப்புரிமை, எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 50 வருஷமும். அபெலார்தோ 1934ல் இறந்தார், இசை என்றைக்கோ பொதுச்சொத்து. வரி எழுதியவருக்குக் கணக்குத் தனி. யாராவது புதிதாகப் பக்கவாத்தியம் எழுதியிருந்தால் அந்த எழுத்துக்கும் தனி. ஆகவே நீங்கள் வாங்கிய தாளை அப்படியே நகல் எடுத்துக் கொடுக்காதீர்கள். மூல இசையை வைத்து நீங்களே எழுதிக்கொண்டால் தலைவலி இல்லை.

#12 பழைய_கிராமபோன்

டாக்டர் தம்பி, கரண்டியோடு வந்த அம்மாவிடம் நான் தோற்றுவிட்டேன் என்று சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் பக்கத்துக்கும் ஓர் ஆள் இருந்தார், அவரும் எழுதினவர்தான். ஹோசே மசேதா. பாரிசில் பியானோ படித்துவிட்டு, 1950களிலிருந்து டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மலையும் தீவுமாக அலைந்து கோங்கையும் மூங்கிலையும் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளை யுனெஸ்கோ 2007ல் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. அவர் இசையமைத்த "உக்னாயன்" கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1974 புத்தாண்டு அன்று, மணிலாவின் இருபது வானொலி நிலையங்கள் ஒரே நேரத்தில் இருபது தனித்தனிப் பகுதிகளை ஒலிபரப்பின. ஜனங்கள் ஆளுக்கொரு டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கு வர வேண்டும். எந்த நிலையத்தை யார் வைக்கிறார்களோ, எங்கே நிற்கிறார்களோ, அதுதான் அந்த இடத்தின் இசை. ராணுவச் சட்ட அரசு ஆதரவோடு நடந்தது என்பது அதன் இன்னொரு முகம், அதையும் மறைக்கக் கூடாது.

#13 சுருதி_சுத்தம்

இருபது ரேடியோவா? சுருதி சேர்ந்திருக்காது.

#14 டவாவ்_டாக்டர்

அதுதான் ஐயா விஷயமே.

#15 கீபோர்டு_குமரன்

நேற்று விருந்து முடிந்தது.

தாள் முழுவதையும் நானே திரும்ப எழுதினேன், டி மைனர், அப்புறம் டி மேஜர், இரண்டு ஷார்ப்பும் பெரிசாகச் சிவப்புப் பேனாவில். மேடை ஏறினதும் ஆத்தே மெதுவாக ஒரு "ஆ" பாடிக் காட்டினார். ஒன்றரைக் கட்டை கீழே! வயசாகிவிட்டது, மேலே எட்டாது என்று சிரித்தார். டிரான்ஸ்போஸ் பட்டனை மூன்று தடவை கீழே தட்டிவிட்டு, தாளில் உள்ளபடியே வாசித்தேன்.

முதல் பாதியில் எல்லாரும் பிரியாணியில் இருந்தார்கள். இரட்டைக் கோடு வந்தது. எஃப் ஷார்ப்பில் விரல் வைத்தேன். பின்வரிசையில் நின்ற டிரைவர், பேன்ட்ரிப் பெண்கள், செக்யூரிட்டி என்று பிலிப்பினோக்கள் அத்தனை பேரும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். ஆத்தே என் பக்கம் திரும்பி ஜன்னலைக் காட்டினார். வெளியே ராத்திரி ஒன்பது மணி.

பாட்டு முடிந்து கேட்டேன், ஆத்தே, உங்களுக்கு நோட்ஸ் படிக்கத் தெரியுமா என்று. தெரியாதாம். அவர் அம்மா துணி துவைக்கும்போது பாடிக் கேட்டதாம்.

நான் எழுதின தாள் யாருக்காவது வேண்டுமென்றால் தனிமடல் அனுப்புங்கள். சட்டம்_பேசு சார், வரிகளை எடுத்துவிட்டேன், வெறும் இசைதான்.

#16 ஈப்போ_செல்வி

எனக்கு ஒன்று. அப்பாவின் டிரம்பெட் இன்னும் பரணில் இருக்கிறது.